பையாவின் இரத்தத்தில் எந்தப் புழு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரவிக்கை தைக்க வருகிறவர்களின் அளவுகள்தான். அதனால் முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருப்பேன். சிலது மறந்தும் போயிருக்கும். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். கிள்ளானில் நாங்கள் நாயைக் காட்டிய மருத்துவமனையில் கவிதா என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். "ஆன்டி, இங்க வந்து பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவங்க படிக்கிறதுக்கு நடந்ததை எழுதிக் குடுங்களேன்" என்று அவள்தான் கேட்டாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதத்தானே சொல்கிறாள் என்று ஒப்புக்கொண்டேன்.

என் நாயை நான் பையா என்று கூப்பிடுவேன். அது அதன் உண்மையான பெயர் இல்லை. உண்மையான பெயர் என் வீட்டுக்காரரின் பெயர்.

இதை விளக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் அப்படித்தான். "இந்தாங்க", "உங்களத்தான்", பிள்ளை பிறந்த பிறகு "குமார் அப்பா". ஆபீஸில் யாராவது அவர் பெயரைக் கேட்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவேன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர் ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். தன் பெயரையே அதற்கு வைத்தார். "என்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டே. இதையாவது கூப்பிடு, பார்ப்போம்" என்று சிரித்தார்.

"வயசான காலத்துல வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன். நாயைப் பையா என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டேன். தெருவெல்லாம் அதை அவர் பெயரால் கூப்பிடும், நான் மட்டும் பையா. கடைசிவரை அந்தப் பந்தயத்தில் அவர் ஜெயிக்கவில்லை. அவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. நாய் என்னோடு இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் பையாவுக்கு முடியாமல் போனது. முதலில் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பிறகு இருமல். தொண்டையில் முள் மாட்டியது போலக் கழுத்தை நீட்டி நீட்டி இருமுவான். அப்புறம் பின்னங்கால் ஒன்று வீங்கியது. விரலால் அழுத்தினால் மாவில் அழுத்தியது போலப் பள்ளம் விழுந்தது. கேட்டுக்கு வெளியே யார் போனாலும் குரைக்கிறவன், லோரி போனால்கூடத் தலையைத் தூக்கவில்லை.

என் மகன் குமாருக்கு ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. "வயசாச்சும்மா அதுக்கு. விடுங்க லா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். ஆனால் போவதற்கு முன் நாயின் தண்ணீர்ச் சட்டியை நிரப்பி, அதன் மூக்குப் பக்கமாகத் தள்ளி வைத்ததை நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மேரி அக்காதான் தன் காரில் பழைய கம்பளியை விரித்து எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். எனக்கு அங்கே உட்காரவே கூச்சம். மனுஷனுக்கு இருப்பது போலவே நாற்காலி, கௌண்டர், கூப்பிடுகிற பெண். கௌண்டரில் கவிதா இருந்தாள்.

"நாய் பேரு என்ன ஆன்டி?"

"பையா."

"ஊசி போட்ட கார்டு இருக்கா?"

கார்டு என் வீட்டுக்காரரின் அலமாரியில் எங்கேயோ இருந்தது. இல்லை என்றேன். என் பெயரையும் என் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டாள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர், அவர் காலடியில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்பு நாய். போர்ட் கிள்ளானில் லோரி பட்டறை வைத்திருக்கிறாராம். "பையாவா? இதெல்லாம் ஒரு பேரா அக்கா? வீட்டுல எல்லாரும்தானே பையன்?" என்று கிண்டல் செய்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். முந்தானையைக்கூட இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எழுந்து போனது அந்தக் கறுப்பு நாய். அதற்கும் அதே பெயர். மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுட்டது.

உள்ளே வயதான சீன டாக்டரம்மா. மலாயில் நிதானமாகப் பேசினார், புரியாத இடத்தில் கவிதா தமிழில் சொன்னாள். பையாவின் முன்னங்காலில் இரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு சொட்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து, டி.வி. போன்ற திரையில் காட்டினார்கள். நான் அதைப் பார்த்திருக்கவே கூடாது. இரத்தத்துக்குள் நூல் நூலாய் ஏதோ நெளிந்தது. தையல் மிஷினுக்கு அடியில் விழும் வெட்டு நூலுக்கு உயிர் வந்தது போல.

"குட்டிப் புழு" என்றாள் கவிதா. "கொசு கடிச்சு வந்தது. பெரிய புழு உடம்புக்குள்ள வேற எங்கேயோ இருக்கு. அது எங்க இருக்குங்கிறதுதான் இப்ப கேள்வி."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் ஊர் நாய்களுக்குக் கொசு கொண்டுவரும் புழுக்கள் ஒரு வகை மட்டும் இல்லை. ஒன்று இருதயப் புழு. இருதயத்திலும் நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் பீஹூன் சேமியா போலச் சுருண்டு கிடக்கும். (இதைக் கேட்டபிறகு குமார் பல நாள் பீஹூன் சாப்பிடவில்லை.) இன்னொன்று நிணநீர்க் குழாயில் வாழ்கிற புழு. இரத்தக் குழாய் போலவே உடம்பில் அந்தக் குழாயும் ஓடுகிறதாம், அதில் போவது இரத்தம் இல்லை, ஒருவகை நீர். அந்தப் புழு அங்கே இருந்தால் கால் வீங்கலாம். இரண்டுமே இரத்தத்தில் குட்டி போடும். திரையில் பார்த்தால் இரண்டின் குட்டியும் ஒன்றுபோலவே தெரியும். பழகிய கண்ணே தடுமாறுமாம்.

சின்னப் பெட்டி மாதிரி ஒன்றில் இரத்தம் விட்டும் பார்த்தார்கள். கோடு விழுந்தால் இருதயப் புழு. விழுந்தும் விழாமலும் மங்கலாக ஒரு கோடு. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதை நம்பி நான் மருந்து கொடுக்க மாட்டேன்" என்றார்.

ஏனென்றால் மருந்து வேறு வேறு. நிணநீர்ப் புழுவுக்கு மாத்திரையும் சொட்டு மருந்தும் போதும். இருதயப் புழுவைக் கொல்ல முதுகுச் சதையில் ஆழமாக ஊசி போட வேண்டும். அது கடுமையான மருந்து. புழு செத்தாலும் ஆபத்து போகாது. செத்த துண்டுகள் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் நாய் மூச்சுத் திணறிச் செத்துவிடலாம். இளம் நாய் என்றால் தாங்கும். பையா இளம் நாய் இல்லை. ஈரலும் பலவீனம் என்று இரத்தம் சொன்னது. தப்பான ஊசி போட்டால் இல்லாத புழுவுக்காக நாயைக் கொல்வோம். போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட்டால் இருதயம் நின்றுவிடும்.

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு இரத்தத்தை அனுப்புவார்களாம். அங்கே டி.என்.ஏ. புரோப் என்று ஒன்று வைத்துப் பார்ப்பார்களாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கவிதா என் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அதில் தைத்து முடித்த ரவிக்கை ஒன்று இருந்தது, போகிற வழியில் கொடுக்க எடுத்து வந்தது.

"ஆன்டி, ரவிக்கையில ஒரு பக்கம் ஹூக் வரிசை, இன்னொரு பக்கம் அது மாட்டுற வளையம் வரிசை, இல்லையா? உயிருள்ள எல்லாத்துக்குள்ளயும் அந்த மாதிரி ரெண்டு வரிசை மாட்டிக்கிட்டு இருக்கு. அதுதான் டி.என்.ஏ. ஒவ்வொரு புழுவுக்கும் அந்த வரிசையில இடைவெளி வேற மாதிரி. லேப்புல சூடு பண்ணி ரெண்டு பக்கத்தையும் பிரிச்சிடுவாங்க. அப்புறம் இருதயப் புழுவோட வளையத்துல மட்டும் மாட்டுற மாதிரி ஒரு துண்டு ஹூக் வரிசை செஞ்சு வச்சிருப்பாங்க. அதுதான் புரோப். அதுல நிறம் காட்டுற மாதிரி ஒரு அடையாளம் ஒட்டியிருக்கும். அதை விடுவாங்க. எல்லா ஹூக்கும் சரியா மாட்டிக்கிச்சுன்னா அங்கேயே நிக்கும், நிறம் தெரியும். மாட்டலன்னா கழுவினதும் போயிடும். அதே மாதிரி அந்த இன்னொரு புழுவுக்கும் ஒரு துண்டு."

எனக்கு அப்போது விளங்கியது. இன்னொருத்தி ரவிக்கையின் ஹூக் நம் ரவிக்கையில் ஒன்றிரண்டு மாட்டும், முழு வரிசையும் மாட்டாது. கண் தடுமாறலாம், ஹூக் தடுமாறாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரத்தம் போனது. நாங்கள் வீட்டுக்கு வந்து காத்திருந்தோம்.

காத்திருப்பதுதான் கஷ்டம். பையா ஒவ்வொரு தடவை இருமும்போதும் உள்ளே பீஹூன் சுருள்வது எனக்குத் தெரிவது போல இருக்கும். கொசுவைப் பார்த்தால் அடிக்கிற வெறி வந்தது. வாளி, பூச்சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். மேரி அக்கா சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொன்னார். "நாய்க்கா அக்கா?" என்றேன். "நாயின்னு சொல்லல. உன் வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்" என்றார்.

தைப்பூசம் நெருங்கியது. கவிதா விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க லீவு போட்டிருந்தாள். டாக்டரம்மாவும் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டார். சரியாக அந்தச் சமயத்தில் பையாவின் இருமல் மோசமானது. நாக்கு வெளுத்துவிட்டது. குமார் பயந்துபோய் அவசர லீவு எடுத்து, தன் அப்பாவின் அலமாரியைக் கிளறி ஊசி கார்டைக் கண்டுபிடித்து, நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் கூடப் போகவில்லை. சாமி விளக்கை ஏற்றி வைத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தவன் முகம் சரியில்லை.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. ஹார்ட்வோர்ம்தான்."

புது டாக்டர் ஒருவர், இளைஞராம். கார்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் போட்டார்களாம். அந்தப் பெயருக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்திருந்ததாம். வழக்கமாக முன்னால் சில வாரம் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஊசி, ஆனால் இவ்வளவு இருமலோடு காத்திருக்க முடியாது, இரண்டு நாள் உள்ளே வைத்துச் சத்து ஏற்றிப் போட்டுவிடலாம் என்றாராம்.

"பிழைக்குமா?"

குமார் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்றான். "பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்றாரும்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஹூக் மாட்டிக்கொண்டது என்றால் நான் என்ன சொல்ல? ஊசி போடும் நாளில் நான் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்வேன் என்று, முதல் நாளே என்னைக் கொமியூட்டர் ரயிலில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் மகள் செல்வி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். செல்வி காலையில் எனக்கு இடியாப்பம் வைத்துவிட்டு, "அம்மா, போன் வந்தா பதறாதீங்க. உடனே எனக்கு அடிங்க" என்று சொல்லி வேலைக்குப் போனாள். வீட்டுச் சுவர் என்னை நெருக்குவது போல இருந்தது. சாமிக்குப் பூ வாங்கலாம் என்று கீழே இறங்கினேன்.

பூக்கடை முன்னால் நிற்கும்போது போன் அடித்தது. மருத்துவமனை எண். செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

புதிதாகச் சேர்ந்த சீனப் பெண் ஒருத்தி, கௌண்டரிலிருந்து பேசினாள். மலாயில் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்டி, பையாவோட ரிசல்ட் வந்து கிடக்குது. நீங்க வரவே இல்லையே? நல்ல செய்திதான். ஹார்ட்வோர்ம் இல்ல, அந்த இன்னொரு புழு. மருந்து சாப்பிட்டாலே போதும். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல எல்லாம் விளங்கியது. என் கையால் கொடுத்த இரத்தம் பையா என்ற பெயரில் போனது. குமார் கொண்டுபோன கார்டில் என் வீட்டுக்காரரின் பெயர். அந்தப் பெயருக்கு வந்த பதில் என் நாயுடையது இல்லை. லோரி பட்டறைக்காரரின் கறுப்பு நாயுடையது, அதன் இரத்தமும் அங்கே போயிருக்க வேண்டும்.

"அவன் அங்கதான் இருக்கான் மா! உங்க கூண்டுலதான் இருக்கான்! ஊசி போடாதீங்க!"

"இல்லையே ஆன்டி. பையான்னு ஒரு நாயும் இங்க இல்ல."

"பழுப்பு நிறம், காது மடிஞ்சிருக்கும், பின்னங்கால் வீங்கி..."

"நான் இங்க கௌண்டர்ல இருக்கேன் ஆன்டி. எனக்குப் பேரு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு நிறைய நாய்க்கு ஊசி. வேற பேரு ஏதாவது இருக்கா?"

"டாக்டரைக் கூப்பிடு மா."

"டாக்டர் ஊசி போட உள்ள போயிட்டாரு. பேரு சொன்னாத்தான் நான் ஓடிப்போய் நிறுத்த முடியும். எந்த நாய், ஆன்டி?"

குமார் கொண்டு வந்த நாய் என்றேன். மனுஷர் பெயர் கூண்டில் இல்லை என்றாள். பக்கத்தில் யாரிடமாவது போனைக் கொடுத்துச் சொல்லச் சொல்லலாம் என்றால், அவர்களுக்கும் முதலில் நான்தானே சொல்ல வேண்டும்? நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்து, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றுகூட "ஐயோ, இந்தாங்க, இந்தாங்க" என்றுதான் கத்தினேன். ஆம்புலன்ஸ்காரருக்கும் அட்டையைத்தான் நீட்டினேன். போனுக்குள் எந்த அட்டையை நீட்டுவது?

"ஆன்டி? இருக்கீங்களா?"

"ராஜு" என்றேன்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சத்தமா சொல்லுங்க ஆன்டி!"

"ராஜு! ராஜுதான் என் பையா! ராஜுவுக்கு ஊசி போடாதீங்க! அவனுக்கு இருதயத்துல புழு இல்ல!"

போனைக் கீழே வைக்கும் சத்தம், ஓடும் காலடி. நான் பூக்கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள்.

"யாரக்கா ராஜு?"

என்ன கேட்கிறாள் என்று யோசிக்காமலே, "என் வீட்டுக்காரரு" என்றேன்.

"ஐயய்யோ! வீட்டுக்காரருக்கா புழு?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளுக்கு நான் பைத்தியம் என்றே பட்டிருக்கும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தாள். பூவுக்குக் காசு வாங்கவில்லை.

போனில் மறுபடி சத்தம் வந்தபோது பேசியது டாக்டர். அவர் குரலும் சரியாக இல்லை. முதுகில் முடி மழித்து, மருந்து தடவி, ஊசியைக் கையில் எடுத்திருந்தாராம். ஆய்வுக்கூடத்துப் பதிலில் நாயின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் மட்டும்தான் இருந்தன, ஒரே பெயரில் இரண்டு நாய் இருக்கும் என்று தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சந்தேகம் தீர மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் அதே பதில்தான். இருதயப் புழுவின் ஹூக் மாட்டவில்லை, அந்த இன்னொரு புழுவின் ஹூக் வரிசை முழுவதும் மாட்டிக்கொண்டது.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போய்விட்டேன். குமார் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "அப்பா பேரை ரோட்டுல நின்னு கத்துனீங்களாமே? செல்வி சொன்னா. அப்பா கேட்டிருக்கணும்மா" என்றான். பூக்கடையிலேயே நான் செல்விக்குப் போன் அடித்திருந்தேன்.

சொன்னது சொல்லியாயிற்று, இனி என்ன என்று கூண்டின் முன் குனிந்து, மெதுவாக, "ராஜு" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை. என் குரலில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லையே. "பையா" என்றேன். வால் கூண்டுக் கம்பியில் பட் பட்டென்று அடித்தது.

இப்போது பையா மருந்து சாப்பிடுகிறான். கால் வீக்கம் வடிந்துவிட்டது. இருமல் சளியினாலாம், அதுவும் குறைந்துவிட்டது. கறுப்பு நாய்க்குத்தான் அந்த ஊசி போட்டார்கள். இளம் நாய், தாங்கிக்கொண்டது. லோரி பட்டறைக்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "அக்கா, நீங்க சத்தம் போடலன்னா என் நாய் ரிசல்ட் உங்க நாய் கணக்குலயே கிடந்திருக்கும்" என்று ஒரு பை ரம்புத்தான் பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரத்தம் கொடுக்கும்போது உங்கள் நாயை வீட்டில் என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களோ, எல்லாவற்றையும் கௌண்டரில் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அந்தப் பரிசோதனை எந்தப் புழு என்று சரியாகச் சொல்லும். எந்த நாய் என்று அதற்குத் தெரியாது.

கவிதா, இதை நீ டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிடு. ஊசியைப் பற்றியும் அந்தக் குழாயைப் பற்றியும் நான் எழுதியது சரியா, ஹூக் உதாரணத்தில் ஏதாவது மாற்றிச் சொல்லிவிட்டேனா என்று பார்த்துத் திருத்தச் சொல். எதற்குப் பிறகு எது நடந்தது என்பதைக் குமாரிடம் கேட்டுக்கொள். நாயின் பெயரை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.